நீங்கள் நிறுத்திய வள்ளம்

மைனி,

நேற்றுச் சாயங்காலம் கடியப்பட்டணத்து வீட்டில் உங்கள் துணி அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, சேலைகளுக்கு அடியில் என்னுடைய பழைய நாவல் ஒன்று அகப்பட்டது. நான் கல்யாணமாகிப் போகும்போது வீடு முழுக்கத் தேடிச் சலித்த புத்தகம். பிரித்தேன். உள்ளேயிருந்து கோடாலித் தைலத்தின் நெடி வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் காகிதத்தில் தைல வாசனை மிஞ்சுமா என்று தெரியவில்லை, உங்கள் சேலைகளிலிருந்து ஏறியிருக்கலாம். ஆனால் மூக்கில் பட்டதும், "ஏட்டி, வாசிச்சது போதும், மேல வா" என்று முதுகுக்குப் பின்னால் நீங்கள் கூப்பிடப் போகிறீர்கள் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். பார்த்தேன்.

கூப்பிட ஆள் இல்லை. நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். உங்கள் நினைவுத் திருப்பலிக்காகத்தான் நான் வாழப்போன திங்கள்சந்தையிலிருந்து வந்தேன். காலையில் பூசை முடிந்தது, மத்தியானம் வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள், இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இன்று சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. அதற்கு முன்னால் மற்றதையெல்லாம் ஒருமுறை உங்களோடு பேசிவிட வேண்டும் போல இருக்கிறது.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த புதிது. நீங்கள் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. பொழுது சாய்ந்தால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு நாவலோடு உட்கார்ந்துவிடுவேன். வெளியே இருட்டு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியக்கூடாது. எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதற்குப் பிறகு ராத்திரி வானத்தையும் அதற்குக் கீழே கறுத்துக் கிடக்கும் தண்ணீரையும் பார்க்க எனக்குத் திராணி இருந்ததில்லை. கதைப் புத்தகத்தில் புயல் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம், அந்தச் சௌகரியத்துக்காகவே நான் வாசித்தேன்.

நீங்கள் விடவில்லை. அண்ணன் குளச்சலிலிருந்து விசைப்படகில் தங்கலுக்குப் போகிறவர். போனால் பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்துவிட்டுத்தான் வருவார். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். அவர் போன மறுநாளே தொடங்கிவிடும். முதலில் கருப்பட்டிக் காப்பி வரும். அடுத்தது வறுத்த மரச்சீனிக்கிழங்கு வரும். அதற்கும் நான் அசையவில்லை என்றால் லைட்டை அணைப்பீர்கள்.

"மைனி, இன்னும் ரெண்டு பக்கம்தான்."

"பொஸ்தகம் இஞ்சதான கிடக்கும்? ஓடியா போவுது? மானம் இப்ப இருக்க மாதிரி நாளைக்கு இருக்காது. வா மக்கா, நட்சத்திரம் பாத்துட்டு வரலாம்."

"எனக்குப் பயம்."

"எனக்கும்தான் பேடியா இருக்கு. அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிடுதேன்."

இதை நீங்கள் சிரித்துக்கொண்டு சொல்வீர்கள், அதனால் நான் நம்பியதில்லை. மொட்டை மாடியில் பாயை விரித்து என்னைப் படுக்கப் போட்டுவிட்டு, "நல்லா மேல பாரு" என்பீர்கள். நீங்கள் மேலே பார்த்து நான் கண்டதே இல்லை. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கடலும் வானமும் சேரும் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். தென்மேற்கே எங்காவது மின்னல் வெட்டினால் உங்கள் கழுத்து நரம்பு புடைக்கும். எனக்கோ அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். கீழே வந்ததும் தைலம் தேய்த்துவிடுவீர்கள். அந்தத் தைல வாசனையோடே நான் மறுபடி புத்தகத்தை எடுப்பேன்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதை முடிகிற இடத்தில் லைட்டை அணைத்துவிட்டீர்கள். "ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா? அம்மையக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கத்தினேன். அம்மா அப்போது உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவிய கடலுக்குப் போயாச்சு. மாமி செபமாலைக்குள்ள போயாச்சு. நீ பொஸ்தகத்துக்குள்ள போயாச்சு. வீட்டுல நான் ஒருத்திதான ஏட்டி இருக்கேன்" என்றீர்கள்.

அன்றைக்குப் பிறகு நீங்கள் லைட்டை அணைக்க வேண்டியிருக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு நானே எழுந்து வந்துவிடுவேன். வானத்தைப் பார்க்கும் பயம் போகவில்லை. உங்களோடு சேர்ந்து பயப்படப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் மேற்கே வெள்ளி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. விளக்கு வைத்ததும் மாடிக்குப் போனால் அதுதான் முதலில் கண்ணில் படும். நமது சுவர் மூலையிலிருந்து பார்த்தால், குருசடியின் சிலுவைக்கும் சாய்ந்த தென்னைக்கும் நடுவில் அது மெல்ல மெல்லச் சிவந்து கடலில் இறங்கும். "அம்மாடி, முங்கிட்டு பாரு" என்று நீங்கள் தினமும் ஒரே மாதிரி சொல்வீர்கள். தினமும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பிறகு புயல் வந்தது. கோயில் மைக்கில் எச்சரிக்கை சொல்வதற்கு முன்பே அண்ணனின் போட்டு கரையை விட்டுப் போயிருந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் காற்று வீட்டைப் பிடித்து உலுக்கியது. விடிந்து பார்த்தால் ஊரில் மின்கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரங்கள் சாக்கடையில் கிடந்தன. காற்று ஓய்ந்தும் மேகம் கலையவில்லை. நாள் கணக்காகச் சூரியனும் இல்லை, நிலவும் இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. சில போட்டுகள் கரைசேர்ந்தன, சிலவற்றைப் பற்றித் தகவல் வந்தது. அண்ணனின் போட்டைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

பொழுது இருட்டினால் பெண்கள் எல்லாரும் மாடிகளில் ஏறிவிடுவார்கள். மாடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாடிக்கு வருவார்கள். ஊரே இருட்டில் நின்று கடலைப் பார்க்கும். ஒரு வெளிச்சம் தெரியாதா என்பதுதான் எல்லாருடைய நினைப்பும். அப்பா போன ராத்திரிகளில் அம்மா நின்றது போலவே நீங்கள் நின்றீர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு மிகவும் பயம் பிடித்தது.

அன்றைக்கு இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மேற்கே மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு திறந்தது. அந்த இடுக்கில் ஒரு விளக்கு. சிவப்பாக, நடுங்கிக்கொண்டு, தண்ணீருக்குச் சற்று மேலே.

"போட்டு! போட்டு வருது!" என்று யாரோ அலறினார்கள். மாடிக்கு மாடி அந்தச் சத்தம் ஓடியது. உங்கள் நகம் என் கையில் பதிந்தது. "அவியதான்" என்றீர்கள். "அவியதான் மக்கா, அவியதான்." நானும் அழுதேன், சிரித்தேன், என்ன செய்தேன் என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது விளக்கு கீழே இறங்கியது. ஒரு தடவை மினுங்கியது. பிறகு இல்லை.

ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். கீழே கரையில் பயல்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. கண்ணெதிரே ஒரு விளக்கு முங்கினால் நம் கரையில் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள், கைக்கு எட்டிய வள்ளத்தைத் தள்ளிவிடுவார்கள். யார் வள்ளம், யார் முங்குகிறார்கள், திரும்பி வர முடியுமா, எந்தக் கேள்வியும் கிடையாது. அலையோ அப்போதும் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு நட்சத்திரத்தைத் தெரியாதா என்று திங்கள்சந்தையில் கேட்கிறார்கள். நாள் கணக்கில் வானமே இல்லாமல், விளக்குக்காக மட்டும் கண்ணை வைத்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. குருசடிக்குப் பக்கம். வெள்ளி இறங்குகிற இடம். ஆனால் சாய்ந்த தென்னை புயலில் விழுந்துபோயிருந்தது. அதே இடம்தானா, சற்றுத் தள்ளியா? எதை வைத்துச் சொல்வது?

"மைனி, அது வெள்ளி. நாம நெதமும் பாக்கது."

நீங்கள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினீர்கள். "சத்தியமாட்டா?"

"சத்தியமா."

செருப்புப் போடாமல் இறங்கி ஓடினீர்கள். நான் பின்னால் ஓடி வந்தபோது வள்ளத்தின் அணியம் ஏற்கெனவே தண்ணீரைத் தொட்டிருந்தது. அந்த முன்பக்கத்தை நெஞ்சால் மறித்துக்கொண்டு நின்றீர்கள்.

"தள்ளாதீங்க மக்கா. அது போட்டு இல்ல. நட்சத்திரமாக்கும்."

"விலகும்மா!" என்று ஒருவர் கத்தினார். "ஒனக்க மாப்பிளைக்க போட்டுதான் முங்குதோ என்னவோ. நீயே தடுக்கியா?"

"எனக்க மாப்பிளைக்காகத்தான போறிய? நான் சொல்லுதேன், போவண்டாம்."

சொல்லிவிட்டு வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். ஒரு பெண்ணைத் தூக்கி வெளியே போட யாருக்கும் கை வரவில்லை. அலை வந்து உங்கள் மேல் அடித்தது. அவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போகும்வரை நீங்கள் அசையவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. ஊரில் யாரும் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் புத்தகத்தைப் பிரித்தேன், எழுத்து எழுத்தாக நின்றதே தவிர ஒரு வரியும் உள்ளே போகவில்லை. கண்ணை மூடினால் அண்ணன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நீந்துகிறார். கரையில் வள்ளம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், யாரும் வரவில்லை. ஏனென்றால் நான் சத்தியம் செய்திருக்கிறேன். அது வெள்ளிதானா? தென்னை மரம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். இதையே சுற்றிச் சுற்றி நினைத்து, சோற்றைத் தொடாமல் கிடந்தேன். நீங்கள் மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிடு" என்று தட்டை வைத்தீர்கள். மைனி என்னை முழுசாக நம்புகிறார்கள் என்று நினைத்து, அந்த நம்பிக்கைக்காகவும் சேர்த்துப் பயந்தேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மேற்கு வெளுத்தது. நாம் இருவரும் பேசிக்கொள்ளாமலே மாடிக்குப் போனோம். வெள்ளி இருந்தது. ஆடாமல் அசையாமல் இருந்தது, பிறகு சிவந்தது, நடுங்கியது, அன்றைக்கு விளக்கு முங்கிய அதே இடத்தில், குருசடிச் சிலுவைக்கு அந்தப் பக்கம், அப்படியே இறங்கியது. நான் குதித்தேன். "பாத்தீங்களா மைனி! நான் சொன்னேன்லா!" என்று கத்தினேன். பக்கத்து மாடியில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தீர்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பட்டினி கிடந்த வயிறு என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டேன்.

அதற்குப் பிறகு தகவல் வந்தது. வடக்கே எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறோம், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்று அண்ணனே பேசினார். கோயில் ஆபீசில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியளா?"

ஊர் அந்தக் கதையைத் தனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டது. மாப்பிள்ளை உயிரோடு வருவான் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது, அந்த உறுதியில்தான் வள்ளத்தை மறித்தாள் என்று. அண்ணனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வருஷம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்காரும் வரைக்கும்.

அன்றைக்கு அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்துப் புத்தகத்தைப் பிரித்தேன். "அத மூடிட்டு சன்னல் வழியாப் பாரு, மானம் எப்பிடி இருக்கு?" என்றீர்கள். தெளிவாக இருக்கிறது, ஒன்றிரண்டு நட்சத்திரம் வந்துவிட்டது என்றேன். ரொம்ப நாள் மனதில் கிடந்ததைக் கேட்கத் தோன்றியது. "மைனி, நான் சொன்ன ஒரு சொல்ல நம்பி அன்னைக்கு எப்பிடி வள்ளத்துல ஏறி இருந்தீங்க?"

நீங்கள் உதட்டை நனைத்துக்கொண்டீர்கள். "நான் எங்க நம்புனேன்? ஒனக்க மொகத்தப் பாத்தேன். ஒனக்கே தெரியல்ல. போட்டுதான்னு நெனச்சேன். அவியதான் முங்குனாவன்னு நெனச்சேன்."

"பின்ன ஏன்?"

"வள்ளத்தப் பிடிச்சிட்டு நின்னவனுவளப் பாத்தியா? எல்லாம் மீச மொளைக்காத பயலுவ. அந்தக் கடல்ல எறக்கியிருந்தா ஒருத்தனும் திரும்பிருக்க மாட்டான். எனக்க ஒருத்தருக்காவ அத்தன வீட்டுலயும் விளக்கு அணையணுமா? நீ நட்சத்திரம்னு சொன்ன. நானும் அதையே சொல்லிட்டேன். வள்ளத்துக்குள்ள இருந்துட்டு, அவிய கூப்பிடது கேக்குதான்னு காத வச்சிட்டே இருந்தேன் மக்கா."

அண்ணன் மருந்தோடு உள்ளே வந்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச நமக்குத் தனியாக நேரம் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அன்றிலிருந்து எனக்கு உங்களை நினைத்தாலே பயமாக இருக்கிறது, மைனி. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம், உங்களுக்குள் இப்படி ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், தள்ளுங்கள், ஓடுங்கள், என் ஆளைக் கொண்டுவாருங்கள் என்றுதான் கதறியிருப்பேன். அந்தப் பயல்களின் முகம் என் கண்ணில் பட்டிருக்காது. அவர்கள் எல்லாரும் இன்று பூசைக்கு வந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பந்தியில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் மறுபடி அந்தக் கதையை எடுத்தார். நீங்கள் போன பிறகு மனிதர் பாதியாகிவிட்டார், இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் பழைய குரல் வருகிறது. "நான் வருவேன்னு அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையிலதான் ஒங்களயெல்லாம் நிப்பாட்டுனா. வேற ஒருத்திக்கு அப்பிடி இருக்குமா?" சோறு விளம்பிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, நீதான கூட நின்ன. சொல்லு. ஒரு நிமிசமாவது நான் போயிட்டேன்னு அவ நெனச்சிருப்பாளா?"

கரண்டியை வாளிக்குள் விட்டேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனின் கண் ஈரமாக இருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "ஒரு நிமிசம்கூட நெனைக்கல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். இனி அவர் இதை எத்தனை முறை கேட்பாரோ, ஒவ்வொரு முறையும் என் வாய் இதையே சொல்ல வேண்டும். என்றைக்காவது தவறி மற்றது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருக்கிறேன், மைனி. சேர்ந்து பயப்பட நீங்களும் இல்லை.